கழுத்தளவு கடலில்

என் கணவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். அதனால் கிரேக்கத் தீவுக்கு விடுமுறை போனபோது, நான் கரையோரமாக நீந்துவது, அவர் குன்றுப் பாதையில் நடப்பது, அடுத்த கடற்கரையில் சந்திப்பது என்று பேசிக்கொண்டோம். மைசூரு நீச்சல்குளத்தில் தினமும் நீந்துகிற தைரியம் எனக்கு.

அன்று கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் என் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மூழ்கி எழுந்தேன். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டதில் கத்தக்கூடக் குரல் வரவில்லை.

“மல்லாந்து படு! காலை அடிக்காதே!”

குன்றுச் சரிவில் ஓடி இறங்கியபடி கத்தியது அவர்தான். குளத்தில் எனக்குப் பயிற்சி நடந்தபோதெல்லாம் படியில் உட்கார்ந்து பயிற்சியாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தவர். சொன்னபடியே மல்லாந்து மிதந்தேன். மெல்ல வலி விட்டது. கையாலேயே துழாவிக் கரைப்பக்கம் வந்தேன்.

திரும்பிப் பார்த்தால், சட்டை, ஷூவோடு கழுத்தளவு தண்ணீரில் கையை நீட்டியபடி நிற்கிறார்.

“உங்களுக்கு நீச்சல் தெரியாதே!” என்றேன்.

“அது ஞாபகமே வரல கணே,” என்று, ‘டீ’ போடுவதற்குப் பதில் வழக்கமாகச் சொல்லும் அந்தக் கன்னடச் சொல்லோடு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கரையில் உட்கார்ந்து இருவரும் அழுதோம், பிறகு சிரித்தோம். மைசூரு ஹெப்பாளில் இருக்கும் என் ஆபீஸ் தோழிகளிடம் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நான் கேலி செய்வதுண்டு. இப்போது செய்வதில்லை. அவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு கடலில் இறங்க என்னால் முடிந்திருக்குமா என்று தெரியவில்லை.