பலா மரத்தடியில் ஊரடங்கு

எங்கோ தூரத்து நாடு ஒன்றில் ராணுவச் சட்டம் பிறப்பித்துவிட்டார்கள் என்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த மறுநாள் காலை, சுரங்க ஊழியர் குடியிருப்பில் எங்கள் பிளாக் முனையில் இருக்கும் பலா மரத்தடியில் அதைப் பற்றி விரிவாகப் பேசினோம். அந்த மரத்தடியில்தான் பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் அக்கா ஒருவர் இட்லிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் கல்லும் மண்ணும் வைத்துப் பூசிய அடுப்பு, மேலே நீலத் தார்ப்பாய், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். முதல் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே அங்கே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். என்னைப் போன்ற ஜெனரல் ஷிஃப்ட்காரர்கள் சாவகாசமாகப் போய், இட்லிக்குச் சட்னியோடு உலக நிலவரத்தையும் தொட்டுக்கொள்வோம்.

“அது எப்படி சார், ஒரு நாட்டுல இருக்கற அத்தனை ஜனமும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கும்?” என்று பொங்கினார் எதிர்வீட்டு ஆபரேட்டர். சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத இயந்திரத்தை இயக்குபவர் அவர். அந்த இரைச்சலுக்குப் பழகிய குரல், வீட்டுக்கு வந்த பிறகும் இறங்குவதில்லை. “நம்ம பிளாக்ல வந்து பண்ணச் சொல்லுங்க பாப்போம். ஒரு நாள் தாங்குமா?”

தாங்காது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அடக்குமுறை என்பது வேறு தண்ணீர் குடிக்கும் மனிதர்களுக்கு வருகிற நோய் என்ற முடிவுடன் கை கழுவினோம்.

பலா காய்க்கும் மாதம் வந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுத் தோட்டத்து மரம் என்றால் காய் அந்த வீட்டாருக்கு. முனை மரம் பிளாக்குக்கே பொது. பழுத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி இறக்குவோம். அக்கா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துப் பிரிப்பார். சுளைகள் வீடு வீடாகப் போகும், கொட்டைகள் மட்டும் அவருக்கு. எழுதி வைக்காத சட்டம் அது. எழுதி வைக்காததாலோ என்னவோ, யாரும் மீறியதில்லை.

அந்த ஆண்டு ஒரு நாள் காலையில் பார்த்தால், மரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்த பெரிய பழம் காணாமல் போயிருந்தது.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த மாதத்தில் பண்ருட்டியில் பலாப்பழம் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். பஸ்ஸில் ஏறினால் காலடியில் ஒன்று உருண்டு வரும். உறவினர் வீட்டிலிருந்து பழம் வருகிறது என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள்கூட உண்டு. இருந்தாலும் எங்கள் பழம் எங்கள் பழம். மாலையில் கூட்டம் போட்டோம்.

“இன்னிக்குப் பழம், நாளைக்கு சிலிண்டர்,” என்றது ஒரு குரல்.

“நாளான்னைக்கு நகை,” என்றது இன்னொன்று.

“அதுக்கப்புறம் நம்ம புள்ளைங்க,” என்று முடித்தார் ஆபரேட்டர். ஒரு பலாப்பழத்திலிருந்து குழந்தைக் கடத்தல் வரை வர எங்களுக்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை.

அப்போதுதான் பட்டாளத்தார் எழுந்தார். தன் மருமகனின் குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கும் முன்னாள் ராணுவ வீரர். ராணுவத்தில் அவர் இருந்தது சப்ளைக் கிடங்கில். கோதுமை மூட்டைகளைக் காப்பதில் காட்டிய உறுதியைப் பற்றி அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதுவரை அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை, எழச் சொன்னதும் இல்லை.

“பொறுப்பை என்கிட்ட குடுங்க. ஆர்டர் இஸ் ஆர்டர். தற்காலிகம்தான். நிலைமை சீராகற வரைக்கும்.”

ஒரு பழம் குறைந்ததைத் தவிர நிலைமை சீராகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்ன தோரணையில், அது சீராக இல்லை என்று எங்களுக்கே தோன்றிவிட்டது. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். யாரும் எங்கள் கையைப் பிடித்துத் தூக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஜனங்களின் மேல் இதெல்லாம் வானத்திலிருந்து விழுவதாக எண்ணியிருந்தேன். எங்கள் விஷயத்தில் நாங்களே நாற்காலி போட்டு, விசிறிவிட்டு, உட்காருங்கள் என்று வரவேற்றோம்.

நாற்காலி என்பது உண்மையிலேயே ஒரு நாற்காலி. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பலா மரத்தடியில் அதைப் போட்டு அவர் உட்கார்ந்தார். மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். மிச்சமிருந்த பழங்களுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டார். பிளாக் நுழைவில் இன்னொரு கயிறு. இரவு பத்து மணி முதல் விடிகிற வரை ஊரடங்கு. நான்கு பேருக்கு மேல் கூடக் கூடாது. விருந்தாளி வந்தால் தெரிவிக்க வேண்டும். மீறினால் விசில்.

முதல் நாளே ஒரு சிக்கல். இது ஷிஃப்ட் ஊர். இரவு பத்து மணிக்கு இங்கே ஊர் அடங்காது, மாறும். ஒரு பஸ் ஆட்களை இறக்கும், இன்னொரு பஸ் ஏற்றிக்கொண்டு போகும். ஊரடங்குக்குக் கை தூக்கியவர்களில் பாதிப்பேர் அன்றிரவே கயிற்றுக்கு அந்தப் பக்கம் டிபன் கேரியரோடு வரிசையில் நின்றார்கள். மீதிப்பேர் இந்தப் பக்கம் நின்று, நைட் ஷிஃப்ட் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். வேறு ஊரில் இப்படி ஓர் ஆணை வந்திருந்தால் திருடன் மாட்டியிருப்பான். எங்கள் ஊரில் உற்பத்தி மாட்டிக்கொண்டது.

மறுநாள் ஆணை திருத்தப்பட்டது. அடையாள அட்டை உள்ள பெர்மனென்ட் ஊழியர்கள் போகலாம், வரலாம். காண்ட்ராக்ட் ஆட்கள் கூடாது. “அவங்க அட்டைய யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம்,” என்றார் பட்டாளத்தார். நாங்கள் பெர்மனென்ட் ஆகையால் அதில் ஆழமான உண்மை இருப்பதாக எங்களுக்குப் பட்டது.

ஒரு வாரத்தில் எல்லோரும் பழகிக்கொண்டோம். சீட்டாடுகிறவர்கள் நான்கு பேராக உட்கார்ந்தார்கள். ஐந்தாமவர் சற்றுத் தள்ளி, சம்பந்தமில்லாதவர்போல் வானத்தைப் பார்த்தபடி, எந்தச் சீட்டை இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்தது. பேசினால் அது பிளாக்கின் ஒழுங்கைப் பாராட்டுவதாக இருந்தது. யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்ற தகவல், கேட்காமலேயே மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. என் மனைவி பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனதுகூடப் போயிருக்கிறது.

எல்லாவற்றிலும் என்னை அசத்தியது எதிர்வீட்டு ஆபரேட்டர்தான். ஒரு நாள் தாங்குமா என்று கேட்டவர், கையில் டார்ச்சும் தோளில் சிவப்புத் துணியுமாக வந்து நின்றார். பட்டாளத்தாருக்குத் துணை.

“என்ன இது?” என்றேன்.

“நல்லவங்க உள்ள இருந்தாத்தானே சார் தப்பு நடக்காமப் பாத்துக்கலாம்,” என்றார், வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில். பிறகு டார்ச்சை என் முகத்தில் ஒரு தடவை அடித்துப் பார்த்தார். பழக்கத்துக்காம்.

ஆனால் பழம் போயிருக்கிறது, எடுத்தவர் யாராவது இருந்தாக வேண்டும். ஆட்சி என்று ஒன்று வந்துவிட்ட பிறகு குற்றவாளி இல்லாமல் நாட்களை ஓட்ட முடியாது. பிளாக்கில் எல்லோரும் பெர்மனென்ட். ஆகவே எல்லோரும் யோக்கியர். மிஞ்சியது வெளியாள் ஒருவர்தான்: மரத்துக்கு மிக அருகில் தினமும் அடுப்பு மூட்டுகிறவர்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பட்டாளத்தார் வந்து சொன்னார். “இந்தா அம்மா, நாளையிலிருந்து இங்க கடை போடக்கூடாது. கூட்டம் கூடுது. அதுவும் நீ வர்றது ஊரடங்கு நேரம்.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “இத்தினி வருசமா நான் இருட்டோடதான் சார் வந்துகினு இருக்கேன். ஃபஸ்ட் ஷிப்ட்டுக்குப் போறவங்க விடிஞ்சப்புறமா வந்து துன்னுவாங்க?”

“பழம் போச்சே, அதுக்கு என்ன சொல்றே?”

“தோ பாருங்க சார். எங்க வூட்டாண்ட மூணு மரம் காய்ச்சித் தொங்கிகினு கீது. மாடுகூட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினு போவுது. இதுல நான் இங்க வந்து ஒங்க பழத்தத் தூக்கிகினு வடக்குத்து வரிக்கும் நடப்பேனா? பலாப்பயம் சார் அது, எலுமிச்சங்கா இல்ல, மடில கட்டிக்கினு போவ.”

யாரோ சிரிக்கப் பார்த்து, ஆபரேட்டரின் சிவப்புத் துணியைக் கண்டு இருமலாக மாற்றிக்கொண்டார். அக்கா பெஞ்சில் இருந்த எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். அவருடைய கணவருக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. மாதத்தில் பாதி நாள் கூப்பிட மாட்டார்கள். அந்த அடுப்பு எரிந்தால்தான் வீட்டு அடுப்பும் எரியும் என்பது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இட்லியில் ஏதோ விழுந்துவிட்டதைப்போல் தட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று மதியம் அடுப்பை உடைத்தார்கள்.

அவர் மெயின் ரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். நிழல் இல்லாத இடம், ஏற்கெனவே இரண்டு கடைகள் வேறு. எங்கள் முதல் ஷிஃப்ட்காரர்கள் அங்கே இறங்கிச் சாப்பிட்டால் பஸ் போய்விடும், ஆகவே பட்டினியாகப் போனார்கள். வழியில் பார்த்துவிட்டு வந்த என் மனைவி சொன்னாள்: “பாதிப் பானை மாவு அப்படியே புளிச்சுக் கெடக்கு. இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா கடையே வேணாம்னு விட்டுடுவேன்னு சொல்றாங்க. நீங்கள்லாம் ஆம்பளைங்க, கூடிப் பேச மாட்டீங்களா?”

“நாலு பேருக்கு மேல கூடக் கூடாது,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதற்கில்லை.

இதற்கிடையில், பாதுகாப்பில் இருந்த பழங்கள் தங்கள் பாட்டுக்குப் பழுத்தன. முதலில் வாசனை வந்தது. ரசித்தோம். பிறகு வாசனை தடித்தது. இறக்க வேண்டுமென்றால் கூட்டம் போட்டுத் தீர்மானிக்க வேண்டும், அதுதான் வழக்கம். கூட்டத்துக்குத் தடை இருந்தது. தடையை நீக்கலாமா என்று முடிவு செய்வதற்கும் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அனுமதி கேட்டுப் போன ஒருவரிடம் பட்டாளத்தார் சொன்னார்: “பழத்தை இறக்கிட்டா அப்புறம் நான் எதைக் காவல் காக்கறது?” இவ்வளவு ஒளிவுமறைவில்லாத நிர்வாகியை நான் அலுவலகத்தில்கூடக் கண்டதில்லை.

இரண்டாம் எண் பழம் மரத்திலேயே வெடித்தது. ஈ மொய்த்தது. முதலில் மரத்தில், பிறகு கயிற்றில், பிறகு எங்கள் சாப்பாட்டில். ஈக்களுக்கு அடையாள அட்டை கேட்கவில்லை. வாசலில் யாரும் நிற்க முடியவில்லை. அப்போதும் நாங்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு, “ஒழுங்கு ஒழுங்குதான், அதுல குறை சொல்ல முடியாது,” என்றோம்.

ஒரு பிற்பகலில் மூன்றாம் எண் பழம் விழுந்தது. நேராகச் சிவப்பு நாற்காலியின் மேல். பட்டாளத்தார் அப்போதுதான் மோர் குடிக்க வீட்டுக்குள் போயிருந்தார். நாற்காலி நான்காகப் பிளந்து, அரசாங்கம் இருந்த இடத்தில் மஞ்சள் சகதி கிடந்தது.

சத்தம் கேட்டு முதலில் வெளியே வந்தவர்கள் பெண்கள். என் மனைவி கையில் அரிவாள்மணையும் எண்ணெய்க் கிண்ணமும் இருந்தன. அவள் கயிற்றைத் தாண்டினாள். பின்னாலேயே மற்றவர்களும் தாண்டினார்கள். பட்டாளத்தார் மோர் மீசையோடு ஓடிவந்து விசில் ஊதினார்.

“நாலு பேருக்கு மேல நிக்கறோம் சார். சந்தேகமா இருந்தா எண்ணிப் பாத்துக்குங்க,” என்றாள் என் மனைவி. பிறகு ஆபரேட்டரின் பக்கம் திரும்பி, “அண்ணே, அந்தச் செவப்புத் துணிய இப்படிக் குடுங்க. தரையத் தொடைக்கணும்,” என்றாள்.

அவர் கொடுத்துவிட்டார். ஒரு ஆட்சி கவிழ்வதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. துப்பாக்கிச் சத்தம் இல்லை, துடைக்கும் சத்தம்தான்.

மாலையில் பட்டாளத்தாரே வீடு வீடாக வந்து, நிலைமை சீராகிவிட்டதால் ஊரடங்கு விலக்கப்படுவதாகத் தெரிவித்தார். எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னோம். காணாமல் போன அந்தப் பழம் எங்கே போயிற்று என்பது இன்றுவரை தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அக்காவை அழைத்து வர என் மனைவிதான் போனாள். அவர் உடனே வந்துவிடவில்லை. சில நாள் யோசித்து, பிறகு வந்தார். முதல் நாள் காலை, நாங்கள் ஒன்றுமே நடக்காததுபோல் பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பட்டாளத்தாரும் வந்து, ஓர் ஓரமாக நின்று, “நாலு இட்லி குடும்மா,” என்றார்.

“அட்டை கீதா சார்?” என்றார் அக்கா.

பெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். மிக உரக்கச் சிரித்தவர் ஆபரேட்டர். அக்கா சிரிக்கவில்லை. பட்டாளத்தாருக்கு நான்கு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தார்.

அன்றுதான் கவனித்தேன். பழைய இடத்தில் அடுப்பு கட்டவில்லை. எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் இருந்தது: அடுப்பு, பானை, தார்ப்பாய், எல்லாம்.

“பழைய மாதிரியே அடுப்புப் போட்டுக்கலாமே அக்கா. இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க,” என்றேன்.

“ஆமா சார்,” என்றார். சக்கரம் உருளாமலிருக்க ஒரு கல்லை எடுத்து முட்டுக் கொடுத்தார்.

கயிறு அவிழ்த்த பிறகும், பிளாக் நுழைவில் கயிறு இருந்த இடத்துக்கு வரும்போது எங்களில் பலர் கொஞ்சம் வேகம் குறைக்கிறோம். என் கை சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது.

போன வாரம் ஒரு சைக்கிள் காணாமல் போயிற்று. மாலையில் கூட்டம் போட்டோம்.

“இன்னிக்கு சைக்கிள், நாளைக்கு பைக்,” என்றது ஒரு குரல்.

ஆபரேட்டர் தொண்டையைச் செருமினார். “என்ன வேணா சொல்லுங்க சார். அவர் இருந்தப்போ இதெல்லாம் நடக்கல.”

பின் வரிசையில் பட்டாளத்தார் பனியனைச் சரிசெய்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். முடிவெடுக்காமல் அன்று கலைந்தோம். வருகிற ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம்.

மறுநாள் காலையில் என் தட்டில் சட்னி ஊற்றும்போது அக்கா கேட்டார்: “மீட்டிங் போட்டீங்களாமே சார்?”

“சும்மா, பேச்சுதான்,” என்றேன்.

அவர் தலையாட்டினார். வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் மெல்ல நகர்த்தி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த ஈடு ஊற்றப் போனார்.