தலைவர் வீட்டுக் கூழ்

ஆட்டம் முடிந்தால் உதைபந்தாட்டக் கழகத் தலைவர் வீட்டில்தான் கூழ். குருநகரில் அது வழக்கம். முதலில் அருமைநாயகியின் மாமனார் தலைவர், பிறகு கணவர். அவள் முப்பது வருடமாகப் பனங்கிழங்கு மாவில் நண்டும் மீனும் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினாள்.

கணவர் இறந்தபின், 1986இல் நடந்த தலைவர் தெரிவில் மகன் செபமாலை தோற்றான். கிழிந்த வலை பொத்தும் கிறிஸ்துநாயகம் வென்றான். குடும்பத்துக்கு வெளியேயிருந்து வந்த முதல் தலைவர் அவன்தான்.

அடுத்த ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் பழக்கத்தில் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பழக்கத்தில் அவளும் கூழ் காய்ச்சி வைத்திருந்தாள்.

செபமாலைக்கு வாயெல்லாம் பல். "பாத்தியளே அம்மா, ஆர் தலைவர் எண்டு பெடியளுக்குத் தெரியும்!"

கிறிஸ்துநாயகம் மட்டும் உள்ளே வராமல், ஒழுங்கையில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். ஆட்டக்காரர்கள் இங்கே கூழ் குடித்தால் அவன் பெயருக்குத்தான் தலைவன் என்பது அவளுக்கு விளங்கியது.

"பானையைத் தூக்கடா. கிறிஸ்துநாயகம் வீட்டை கொண்டுபோ."

"என்னணை அம்மா இது?"

"கோலுக்கை நிண்டு பந்தை விட்டமாதிரிப் பானையையும் விட்டிடாதை. நட!"

எல்லோரும் சிரித்தார்கள். செபமாலை முகத்தைத் தூக்கிக்கொண்டு பானையையும் தூக்கினான். அகப்பையோடு ஒழுங்கைக்கு வந்த அருமைநாயகி, கிறிஸ்துநாயகத்திடம் சொன்னாள்: "தம்பி, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. இனிக் கூழ் உங்கடை வீட்டிலைதான்."