கட்டில் நாடா

யுத்த காலத்தில் எங்கள் நாமக்கல் பக்கத்து லாரிகளுக்குப் பெரும்பாலும் கதவு கிடையாது. இருந்ததையும் டிரைவர்கள் கழற்றிவிடுவார்கள். வண்டி கைமீறினால் குதிக்க வழி வேண்டும் அல்லவா? ஒரு காலை வெளியே தொங்கவிட்டு ஓட்டுகிறவன்தான் கெட்டிக்காரன். அப்பாவும் கெட்டிக்காரர்.

பெரியப்பா அவரைவிடக் கெட்டிக்காரர். ராசிபுரம் சாலையில் பிரேக் பிடிக்காதபோது சரியான நேரத்தில் குதித்தார், இறந்துபோனார். எல்லோரும் விதி என்று அழுதார்கள். அம்மா மட்டும் லாரியைப் போய்ப் பார்த்தாள். அது புளியமரத்தில் முட்டி நின்றிருந்தது. கண்ணாடி உடைந்திருந்தது, விளக்கு நசுங்கியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் இடம் மட்டும் அப்படியே இருந்தது. இப்போது வண்டிகளுக்கு வரைபடம் போடும் நான் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

வீடு திரும்பியதும் அம்மா கட்டிலைப் பிரித்தாள். நாடாவை மடித்து மடித்துத் தைத்தாள். அப்பா அடுத்த நடை கிளம்பியபோது அவரை இடுப்போடு இருக்கைப் பலகையில் கட்டினாள்.

"ஏம்புள்ள, நானென்ன கறவை மாடா?"

"மாடு இத்தன பேசாதுங்க. நிமுந்து உக்காருங்க."

லாரிப் பேட்டையில் இருந்த டிரைவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அசையவில்லை. அவள் தறிக்காரர் வீட்டுப் பெண். அவள் போடும் முடிச்சை அப்பா அவிழ்க்கலாம், திரும்பப் போட முடியாது; வழியில் அவிழ்த்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். மோகனூர் மண்டியில் என் தாய்மாமா அவரை அவிழ்த்துவிட்டு, திரும்பும்போது அதே முடிச்சைப் போட்டு அனுப்புவார். அப்பா வெறுந்தரையில் படுத்துக்கொண்டு இருவரையும் திட்டினார்.

ஒரு மழை நாளில், மாட்டுவண்டிக்கு ஒதுங்கிய லாரி கரை சரிந்து வாழைத்தோட்டத்தில் கவிழ்ந்தது. அப்பா வழக்கமாகக் காலைத் தொங்கவிடும் பக்கமே கீழே போய்ச் சேற்றில் புதைந்தது. நாடாவை அறுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்களாம்.

வீட்டில் அவர் வயிற்றின் குறுக்கே கன்றிச் சிவந்த தடத்துக்கு நான் எண்ணெய் தடவினேன். உடம்பில் வேறெங்கும் கீறல்கூட இல்லை. அப்படியென்றால் அவரைக் காயப்படுத்தியது லாரி அல்ல, அம்மாதான். நான் அவளை முறைத்தேன். அவளோ நாடாவின் சேற்றைக் கழுவி, அறுந்த இடத்தை ஒட்டுப்போட ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதுங்களாப்பா?"

"வலிக்குது சாமி. நல்லா வலிக்குது."

சொல்லிவிட்டு அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். வலிக்கிறது என்பதை ஒரு மனிதர் ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.