குதிரையேறாத தண்டல்

எட்டாம் வகுப்பில் என்னை இரண்டு வருடம் உட்கார வைத்தார்கள். ஆனாலும் இனிகோ தண்டலுக்குச் சரித்திரக் கதை படித்துக்காட்ட என்னை விட்டால் ஆளில்லை.

தண்டல் என்றால் தோணியின் தலைவர். இருபது வருடம் கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் ஏற்றிப் போனவர். கண்ணில் புரை விழுந்தது. ஒருநாள் துறைமுகத்தில் நின்ற கப்பலின் பாய்மரத்தை மாதா கோவில் கோபுரம் என்று எண்ணிச் சிலுவை போட்டுக்கொண்டார். மறுநாளே தோணி முதலாளி சுக்கானைத் தண்டலின் மருமகனிடம் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் திரும்பத் தருவதாகச் சொல்லிவிட்டார். புயலுக்கு அசையாத மனிதர் கத்திக்குப் பயந்து, கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அங்கே நான் படித்துக்காட்டியது, என் அக்கா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த கதை. முதல் அத்தியாயத்திலேயே பாண்டியனின் தண்டநாயகன் வந்தான். தண்டல் காதில் அது தண்டல் நாயகம் என்று விழுந்தது.

"ராசாகிட்டயே நம்ம ஆளு இருந்திருக்காம்லே" என்று நிமிர்ந்தார்.

தண்டநாயகன் என்றால் படைத்தலைவன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எனக்கு என்ன வேடிக்கை? குதிரை வந்த இடமெல்லாம் தோணி என்று படித்தேன். மதுரை வீதியில் ஒரு தோணி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. தண்டல் தலையாட்டினார். பெருமையிலும் புரை விழும்போல.

கடைசியில் தண்டநாயகன் கண்ணில் அம்பு தைத்தது. கதைப்படி கூடாரத்தில் காய்ச்சல் கண்டு சாகிறான். தண்டல் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் வாய் என்னைக் கேட்காமலே ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தது. அவர் அம்பைப் பிடுங்கினார்; தண்டநாயகன் கத்தவில்லை. மூன்றாம் நாள் கொற்கையில் தோணியேறி, கொண்டல் காற்றில் இலங்கைக்குப் பாய் விரித்தான்.

"கத்தலியாலே?" என்று இரண்டு தரம் கேட்டார்.

அடுத்த வாரம் ஆபரேஷனுக்குப் போனார். வார்டே அதிரக் கத்தினாராம்; மருமகன் சொன்னான்.

சோடாப்புட்டிக் கண்ணாடியோடு தோணி திரும்பக் கிடைத்தது. கூடவே அந்தப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு போனார். ஜெபப் புத்தகம் படிக்கிற வேகத்தில் எழுத்தெழுத்தாய்ப் படித்து முடித்து, கொழும்பிலிருந்து திரும்பிய அன்றே என்னைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, இவன் தண்டலே இல்லியே. குதிரக்காரம்லா. செத்துட்டாம்னுலா போட்டிருக்கு."

ஓட இடம் பார்த்தேன். கையைப் பிடித்து வள்ளத்தில் உட்கார்த்தினார்.

"பொஸ்தகம் கெடக்கு. நீ படிச்சதப் படி. ஆனா கொண்டல்ல பாய் விரிச்சான்ன பாரு, அது கெழக்கேருந்து வர்ற எதிர்க்காத்துலே. அன்னைக்கே சொல்லிருப்பேன், அவன் பொழச்ச சந்தோசத்துல விட்டுட்டேன்."

வாடைக்காற்றுக்கு மாற்றிப் படித்தேன்.