புது விண்டோஸுக்குக் கிளம்பிய பழைய கம்ப்யூட்டர்

இன்று என் பழைய கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போடும் நாள். காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போட்டோக்களை எல்லாம் வேறு டிஸ்க்கில் பத்திரப்படுத்தினேன். சிபியூவைப் போர்வையில் சுற்றி, எங்கள் ஊர் பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கொடைக்கானல் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதுக்குள்ள ஆடு எதும் வளக்குறீங்களா?"

ஃபேன் முழுக்கக் கம்பளி நூல். எங்கள் வீட்டில் ஈர சாக்ஸும் குல்லாவும் காய்வது அதன் மேல்தான். மழைக்காலத்தில் அடுப்பை விட்டால் வீட்டில் சூடான பொருள் அது ஒன்றுதான்.

"இப்படி அடைச்சுக் கெடந்தா அப்டேட் பாதியிலயே நின்னுரும்க்கா."

"சுத்தம் பண்ணினா தாங்குமா தம்பி?"

"தாங்கும்க்கா. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டியும் போட்டுட்டா வெரசா ஓடும். சத்தம் வராது, சூடும் வராது."

சுத்தம் செய்து, எஸ்எஸ்டி மாற்றி, புது விண்டோஸையும் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் மாட்டி ஆன் செய்தேன். முன்பெல்லாம் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று நாற்காலியில் உட்காருவதற்குள் திரை வந்துவிட்டது. குதிக்காத குறை.

என் மாமியார் வந்து சிபியூ மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, நல்லாத்தான இருந்துச்சு? இப்பச் சில்லுன்னு கெடக்கே."

அவர் இன்னொரு கையில் ஈர சாக்ஸ்.

பழைய விண்டோஸையே திரும்பப் போடச் சொல்கிறார். மலைக்காரர்களே, உங்கள் வீட்டில் சாக்ஸ் எதன் மேல் காய்கிறது?