குஷன்காரர் விழவில்லை

மழை தூறத் தொடங்கியதும் குஷன்காரர் சைக்கிளை ஓரங்கட்டுகிறார். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து உதறி, சீட்டுக்கு மாட்டி, அடியில் முடிச்சுப் போடுகிறார். தன் தலைக்கு ஒன்றும் இல்லை. "தலை காஞ்சிடும் சார். வெல்வெட் காயுமா?" என்று கேட்டுவிட்டு, நனைந்துகொண்டே ஏறி உட்கார்ந்து மிதிக்கிறார்.

சைக்கிள் சாதாரணமானது, பூட்டாமல் விட்டுப் போனாலும் திருடனுக்கு மனம் வராது. சீட் மட்டும் அரச வம்சம். ஏதோ ஒரு நாடக அரங்கின் இருக்கைகளுக்கு உறை மாற்றியபோது மிஞ்சிய சிவப்பு வெல்வெட், உள்ளே மூன்றடுக்கு ஃபோம், நடுவில் பொத்தான் வைத்த பள்ளம். பின்னாலிருந்து பார்த்தால், தேர் இழுக்க ஆள் கிடைக்காத மன்னர் தானே மிதித்துக்கொண்டு போவதுபோல இருக்கும்.

கிழிந்த சோபாவுக்கும் அமுங்கிப்போன நாற்காலிக்கும் உயிர் கொடுப்பது அவர் தொழில். உயிர் என்று அவர்தான் சொல்கிறார். என் படிக்கும் நாற்காலியையும் அவர் சரிசெய்து தந்தார். இடது பக்கம் சற்றே உயரம். சொன்னேன். "உக்காருங்க சார், உங்க வெயிட்டுல தானா சரியாயிடும்" என்றார். ஒரு வருடமாக உட்காருகிறேன். நாற்காலி அப்படியேதான் இருக்கிறது, நான்தான் சாய்ந்துபோயிருக்கிறேன்.

சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் கார்களுக்குள் குனிந்து பார்ப்பது அவர் வழக்கம். மனிதர்களை அல்ல, இருக்கைகளை. "சார், டிரைவர் சீட்டு ஸ்பிரிங் செத்துப்போச்சு. முதுகு பிடிக்குமே?" கண்ணாடி விறுவிறுவென்று ஏறிவிடும். கேரியரில் ஃபோம் சுருள் ஆள் உயரத்துக்கு நிற்கும். காற்றடித்தால் சைக்கிள் அவர் பேச்சைக் கேட்காது, காற்றின் பேச்சைத்தான் கேட்கும். பின்னால் வருகிற பஸ்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்க மாட்டார். "அடிங்கண்ணே, நல்லா அடிங்க. ஃபோம்தானே, சத்தத்த உறிஞ்சிக்கும்" என்பார் இவர், திரும்பிப் பார்க்காமல்.

போன வருடம் அப்படியொரு காற்றில் விழுந்து கை உடைந்தது. மாவுக்கட்டு பிரித்த வாரமே, வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஒரு கடிகாரம் வாங்கி அனுப்பினாள். கட்டியிருப்பவர் விழுந்தால் அதுவே கண்டுபிடித்து, "நலமா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் மனைவிக்கு போன் போட்டுவிடும். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். அடிபட்டு வருகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, இரக்கத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கப் பழகியவர். கடிகாரத்தைக் கட்டிவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "இன்னொரு தடவ விழுந்தீங்க, சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். அந்தச் சிம்மாசனத்தையும் சேத்துத்தான் போடுவேன்."

கடிகாரத்துக்கோ எல்லா அதிர்ச்சியும் ஒன்றுதான். குஷன்காரர் சுத்தியலை ஓங்கி ஆணியில் இறக்கினால், மாடியிலிருந்து விழுந்துவிட்டார் என்று அது முடிவுகட்டிவிடுகிறது. கை மாற்றிக் கட்டிப் பார்த்தார். இரண்டு கையாலும் அடிக்கிறவருக்கு அதில் பயனில்லை. கழற்றி வைத்தால் 'கழற்றிவிட்டார்' என்று மகளுக்குச் செய்தி போகிறது. "நலமா?" என்னும்போது பதில் சொல்லலாமே என்றால், ஒரு கை துணியை இழுத்துப் பிடித்திருக்கிறது, மறு கையில் சுத்தியல், வாய் நிறைய ஆணி. "ம்ம்ம்" என்கிறார். "புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்" என்கிறது கடிகாரம். ஆணிகளைத் துப்பி முடிப்பதற்குள் போன் போய்விடுகிறது.

மருந்துக்கடையில் வரிசையில் நிற்பவர்களுக்கு இந்த நாடகம் மனப்பாடம். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பார்.

"என்ன, போய்ச் சேந்தாச்சா, இன்னும் இருக்கீங்களா?"

"ஆணிடி."

"சரி, அடிங்க."

ஆணிக்கு மன்னிப்பு உண்டு என்பது இருவருக்கும் இடையே தானாக ஏற்பட்ட ஏற்பாடு. ஆனால் லைன் திறந்து கிடப்பதைக் குஷன்காரர் மறந்துவிடும் நாட்களும் உண்டு. ஒருமுறை என் வீட்டு வாசலில் நின்று, "எங்க வீட்டுல நான் சொல்றதுதான் சார் நடக்கும்" என்று அளந்துகொண்டிருந்தார். மணிக்கட்டிலிருந்து பதில் வந்தது: "அப்ப வர்ற வழியில பால் வாங்கிட்டு வரேன்னு சொல்லுங்க. நடக்குதான்னு பாக்கலாம்." பால் வந்ததாகத்தான் கேள்வி.

பொறுக்க முடியாமல் ஒருநாள் சர்வீஸ் சென்டருக்குப் போனார். "சாட்சிக்கு வாங்க சார்" என்று என்னையும் இழுத்துக்கொண்டார். டோக்கன் வாங்கி உட்கார்ந்த நேரத்தில், அங்கே போட்டிருந்த சோபாவைக் கவிழ்த்துப் பார்த்து, அடித்துணி கிழிந்திருப்பதாகக் காவலாளியிடம் புகார் கொடுத்தார். பிறகு கவுன்ட்டர் பெண்ணிடம் போனோம்.

"நான் விழலம்மா. இது விழுந்துட்டேன்னு சொல்லுது."

"நல்லா யோசிச்சுப் பாருங்க சார். சில சமயம் நமக்கே தெரியாது."

"நான் விழுந்தா எனக்குத் தெரியாதா?"

"சென்சார் கரெக்டா இருக்கு சார். டெஸ்ட் பண்ணிட்டேன்."

"அப்ப நான்தான் ரிப்பேரு. என்னையும் ஒரு டெஸ்ட் பண்ணிடும்மா."

அவள் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆளுக்கு வாரண்டி இல்ல சார்" என்றாள். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை.

ஒருவன் விழுந்தானா இல்லையா என்று அவனையே கேட்பது இனி தேவையில்லை என்ற இடத்துக்கு நாம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. குஷன்காரருக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. டோக்கன் சீட்டைச் சுருட்டிக் காதைக் குடைந்துகொண்டு வெளியே வந்தார்.

"சைக்கிளை விட்டுட்டு ஒரு வண்டி வச்சுப் போகலாமே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சீட்டை ஒரு தட்டுத் தட்டினார். "வீட்டுல அவ பேசுவா. கடையில கஸ்டமர் பேசுவான். இப்ப இது வேற கையிலேர்ந்து பேசுது. சைக்கிள் ஏறினாத்தான் சார் நான் பேசுறது எனக்குக் கேக்குது." பேசுவது மட்டுமில்லை, பாடவும் செய்கிறார். அதைப் பற்றி நான் எழுதாமல் விடுவது நட்பினால்.

போன வாரம் ஒரு மாலை, மழை விட்டும் விடாத நேரம். பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். வேலைக்குப் போகும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஃபோம் சுருளோடு அவர் வளைவில் திரும்பினார். ஒரு பஸ் உரசினாற்போலக் கடந்தது. அதன் காற்று சுருளைப் பிடித்துத் தள்ள, சைக்கிள் ஒரு பக்கம், ஃபோம் ஒரு பக்கம், அவர் என் காலடியில். கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது. வலது முழங்கையிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கிவிடக் குனிந்தேன். "இருங்க சார், இருங்க" என்று இடது மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"நீங்கள் பலமாக விழுந்ததாகத் தெரிகிறது. நலமா?"

அந்தக் கடிகாரம் உண்மை பேசியது அன்றுதான். "விழல! நான் விழல!" என்று கத்தினார். ஹார்ன் சத்தத்தில் அது எடுபடவில்லை. "புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்." திரையை அழுத்தினார். ஈர விரலை அது விரல் என்று ஒப்புக்கொள்ளவில்லை. சட்டையில் துடைத்தார், சட்டையும் ஈரம். என் கைக்குட்டைக்காகக் கை நீட்டினார். நான் எடுப்பதற்குள் மணி அடித்து, மனைவி வந்துவிட்டார்.

"என்ன, ஆணியா?"

"ஆணிதான்."

"பஸ் சத்தம் கேக்குது?"

"கஸ்டமர் வீடு ரோட்டோரம்டி."

குடை பிடித்திருந்த ஓர் அம்மாள், "ஐயோ, ரத்தம்…" என்று தொடங்கினார். குஷன்காரர் உதட்டில் விரலை வைத்து அவரைக் கண்ணால் கெஞ்சினார். மறுமுனையில் மாத்திரை அட்டைகளின் சலசலப்பு நின்றுபோயிருந்தது.

"சுத்தியல் சத்தத்தையே காணோமே?" என்றார் மனைவி. குரலில் கேலி இல்லை.

குஷன்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பையை இழுத்துத் துழாவிச் சுத்தியலை எடுத்தார். கடிகாரம் கட்டிய கையை நடைபாதைக் கல்லுக்குப் பக்கத்தில் வாகாக வைத்துக்கொண்டு, ரத்தம் வழிகிற மறு கையால் கல்லில் அடிக்கத் தொடங்கினார், ஒரே சீராக, ஓர் ஆணி இறங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு இடைவெளி விட்டு.