சர்வர் ஏற்க மறுத்த மயில்

எங்கள் அக்கவுண்டன்ட் சர்வருக்குள் வைரஸ் ஏவிவிட்டார் என்று நான் நம்பினேன். கொஞ்ச நேரம்தான். ஆனால் நூறு சதவீதம் நம்பினேன்.

இது ஆரணியில், 2008 வாக்கில் நடந்தது. பட்டுப்புடவை உற்பத்தி செய்யும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் தலைவர். பிரிவில் வேறு யாரும் இல்லை. எல்லோருடைய ஃபைல்களும் வந்து சேரும் பொதுக் கம்ப்யூட்டரான சர்வர் என் பொறுப்பு. புடவை டிசைன்களுக்காக வாங்கிய அதில் சினிமாப் பாட்டு நிரம்பி வழிந்தது. முக்கால்வாசி, செய்யாற்றிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கவுண்டன்டின் சேகரிப்பு. இடம் தீர்ந்து டிசைன் ஏறாமல் போனதும் முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். உடனே சர்வரில் விதி போட்டேன்: பெயர் எம்பி3 என்று முடிகிற எந்த ஃபைலும் உள்ளே வரக்கூடாது.

அக்கவுண்டன்ட் அசரவில்லை. பாட்டின் பெயருக்குப் பின்னால் 'பில்' என்று ஒட்டி உள்ளே தள்ளினார். நானும் விடவில்லை. பெயரில் முன்னால், நடுவில், கடைசியில், எங்கே எம்பி3 இருந்தாலும் தடை என்று விதியை இறுக்கினேன். அவர் மேஜையைத் தாண்டும்போது வேண்டுமென்றே விசிலடித்தேன்.

"அடிங்க சார், நல்லா அடிங்க. உங்களுக்கும் ஒரு நாள் வரும்."

மறுநாளே வந்தது. டிசைன் போடும் பெண் கூப்பிட்டார்.

"சார், இன்னான்னு வந்து பாருங்க. சேவ் ஆவ மாட்டேங்குது."

திரையில் ஒரு மயில். புடவையின் உடலில் ஆங்காங்கே வரும் உருவத்தைப் புட்டா என்போம். இது கல்யாணப் புடவைக்கான புட்டா. பழைய மயில் ஒன்றைத் திறந்து, காலையிலிருந்து கட்டம் கட்டமாகக் கழுத்தையும் தோகையையும் மாற்றி வரைந்திருந்தார். சாயங்காலம், டிசைனைப் பார்த்துத் தறிக்கான அட்டையில் துளை போடும் அட்டை அடிப்பவரிடம் போகவேண்டும், தறி காத்திருந்தது. கம்ப்யூட்டரோ அனுமதி இல்லை என்றது.

"பழசு மேலயே சேவ் பண்ணிடும்மா."

"அது வேற பார்ட்டியோட மயிலு சார். அத்த அழிச்சா முதலாளி நம்ம ரெண்டு பேரையும் அழிச்சிடுவாரு."

"அப்ப பேர மாத்திப் பாரேன்."

"மாத்திகினேதான் இருக்கேன். பின்னால நியூன்னு போட்டேன், ஃபைனல்னு போட்டேன். ஒண்ணும் வேலைக்கு ஆவல."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அதன் பேட்டரி எப்போது கையை விரிக்கும் என்று அதற்கே தெரியாது. அது நின்றால் மயில் போச்சு. வேறு இடத்தில் சேமிக்கலாம் என்றால், பென் டிரைவைச் செருக முடியாமல் முடக்கியவன் நான். அவரவர் கம்ப்யூட்டரில் எதையும் வைக்கக்கூடாது என்று பூட்டியவனும் நான். அவ்வளவு கெட்டிக்காரன்.

சர்வர் அறைக்கு ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே தங்கிவிட்டது. போய் என்ன செய்தேன்? சர்வரின் தலையில் கை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் பிறந்தது: அக்கவுண்டன்ட். ஒற்றைச் செருப்போடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சர்வர்ல இன்னா ஏவி வுட்டீங்க?"

"நான் இன்னாத்த சார் ஏவறது? பாட்டு இல்லாம பேஜாரா உக்காந்துகினு இருக்கேன்."

அந்த அப்பாவி முகம் எனக்கு அசல் குற்றவாளி முகமாகத் தெரிந்தது. முதலாளியிடம் சொல்லி இவரை ஒரு வழி பண்ணுவது என்று திரும்பினேன். அதற்குள் முதலாளியே டிசைனருக்குப் போன் செய்திருந்தார். அந்தப் பெண் பதில் சொல்வது காதில் விழுந்தது.

"எம்பி டூ பத்திரமா இருக்குதுங்க. எம்பி த்ரீதாங்க சேவ் ஆவல."

ஒரே எட்டில் அவர் மேஜைக்குப் போனேன்.

"எம்பி த்ரீயா? அது பாட்டாச்சேம்மா."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "மயில் புட்டா மூணு சார். மயிலுக்கு எம்மு, புட்டாவுக்கு பென்சில்ல வர்ற பி. இப்ப பாட்டா முக்கியம்? ஜல்தி இன்னா பண்றதுன்னு சொல்லுங்க."

எம்பி3 நியூ. எம்பி3 ஃபைனல். பாவம், எத்தனை பெயர் வைத்தாலும் முன்னால் அந்த மூன்றெழுத்து இருந்தது. வாசலில் என் விதி தடியோடு நின்றது.

"வெறும் மயில்னு பேர் போடும்மா," என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

போட்டார். அடுத்த கணமே சேவ் ஆனது. அப்படியே தரையில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். யுபிஎஸ் நின்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அக்கவுண்டன்டிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காமல், "அப்ப நான் சூனியக்காரன் இல்லியா சார்? வூட்ல சொன்னா சந்தோசப்படுவாங்க," என்றார்.

அதற்குப் பிறகு எங்கே எது கோளாறானாலும், கடைசியாக நான் கை வைத்தது எதில் என்றுதான் முதலில் பார்க்கிறேன். மற்றவர்களைச் சந்தேகப்படுவது அதற்கப்புறம்தான். அன்று வைரஸும் இல்லை, சர்வரில் பழுதும் இல்லை. நான் எழுதிய விதி, நான் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தது.